கோலுக்குப் பின்னால் நின்றவன்

"விளையாடாத நானாக்கும் ஏன் சட்டை குடுத்திரிக்கி?"

கேட்டவள் ஸல்ஹா. அவளுக்கு ஆறு வயது. தை மாதத்தில், பருவத்தின் முதற் போட்டி தொடங்குவதற்குச் சற்று முன்னர், புனித லோறன்ஸ் கல்லூரி மைதானத்து மதிலில் வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கச்சான் கொறித்துக்கொண்டிருந்தாள். கீழே, கோலடிக்கு அருகில் மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் இருந்த பிரதீபனை நேராகக் கைநீட்டிக் காட்டித்தான் கேட்டாள். அண்ணன் வயதில் யாரைக் கண்டாலும் அவளுக்கு நானாதான்.

வாப்பா றஊப் அவள் கையைத் தட்டிவிட்டார். கோலடியில் நின்று கையுறையை இறுக்கிக்கொண்டிருந்த அவள் அண்ணன் அர்ஷாக்கின் காதிலும் அந்தக் கேள்வி விழுந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிரதீபன்தான் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"அழகுக்குத்தான் தங்கச்சி."

வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் போட்டி நாட்களில் அவன் கையுறைகள் மூன்று வருடமாகப் பெட்டிக்குள்ளேயே இருந்தன. லிங்கநகரிலிருந்து ஒவ்வொரு நாளும் சைக்கிளில் வந்து, ஊருக்குள் திரிந்து மைதானத்தில் வந்து படுத்திருக்கும் மான்களைத் துரத்தி, வலையைக் கட்டி, பந்துகளுக்குக் காற்றடித்து, அர்ஷாக்குக்குப் பயிற்சிப் பந்துகளை உதைப்பவன் அவன். போட்டி நாளில் வாங்கில் உட்காருவான். கோல் காப்பாளனை யாரும் இலகுவில் மாற்றுவதில்லை. அவனுக்கு இது கடைசி வருடம். ஆவணியில் பரீட்சை. அதற்குப் பிறகு கல்லூரியும் இல்லை, சட்டையும் இல்லை. அதற்குள் ஒரு போட்டியில், ஒரேயொரு போட்டியிலாவது, கோலுக்கு முன்னால் நிற்க வேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான்.

பிரதீபனின் அம்மா சீலா காலைப் பூசைக்குப் போகும்போதெல்லாம் அவனும் கூடப் போவான். முழங்காலில் நின்று அதை மட்டுமே கேட்பான்.

அந்த வருடம் அணி தோற்கவே இல்லை. வலது பக்கத்தில் பாஹிம் ஓடத் தொடங்கினால் எதிரணிப் பையன்கள் அவன் முதுகு எண்ணை மட்டும்தான் பார்த்தார்கள். பின்னால் அர்ஷாக் நின்றான். பாஹிமும் அவனும் கிண்ணியாவிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். அர்ஷாக் உயரமில்லை, ஆனால் பந்து எங்கே வரும் என்று பந்துக்கு முன்பே அறிந்தவன் போல நிற்பான். மாவட்டப் போட்டிகளை வென்று, மாகாணப் போட்டிகளுக்குள் நுழைந்தபோது, உள்துறைமுக வீதியில் தேத்தண்ணிக் கடைக்காரர்கூட அணிப் பையன்களுக்கு ஒரு வடை கூடுதலாக வைத்தார்.

மாசியில் கத்தோலிக்கர்களின் தவக்காலமும் முஸ்லிம்களின் நோன்பும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. ஒரு நாள் முன்பின், அவ்வளவுதான். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு பயிற்சிக்கு வந்தார் பயிற்றுவிப்பாளர் கிறிஸ்தோபர் சேர். தவக்காலம் முழுவதும் அவர் தேநீருக்குச் சீனி போடுவதில்லை. அதனால் அந்த நாற்பது நாளும் அவருக்குக் கோபம் சற்று அதிகம். பையன்கள் ஒருவரை ஒருவர் இடித்து, "சேருக்குச் சீனி இல்ல, கவனம்" என்பார்கள்.

அன்றே அவர் எல்லோரையும் வட்டமாக இருத்திச் சொன்னார்.

"நோன்பு பிடிக்கிறவை பிடியுங்கோ. அதில நான் கை வைக்க மாட்டன், அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் இடையில. ஆனா கோல் என்ர பொறுப்பு. அர்ஷாக், ஏலாது எண்டு கண்டா உன்னை மாத்துவன். கோவிக்கக் கூடாது."

"ஏலும் சேர்."

"நோன்பையும் பிடிச்சு பந்தையும் பிடிக்கோணும் மச்சான்," என்றான் பாஹிம். "ரெண்டு கை இரிக்கிதானே. ஒண்டுக்கு ஒண்டு."

பிரதீபனும் அந்தப் புதன்கிழமை தவக்காலத்துக்காக ஒன்றை விட்டான். அவன் மீனையோ இறைச்சியையோ விடவில்லை. தனக்கு ஒரு போட்டி கிடைக்க வேண்டும் என்று கேட்கும் அந்தச் செபத்தை விட்டான். அவனிடம் அதைவிடப் பெரிதாக விடுவதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. அதை அவன் அம்மாவுக்கும் சொல்லவில்லை.

காலிறுதியில் அர்ஷாக்கின் கையிலிருந்து ஒரு பந்து நழுவியது. கண் இருட்டியது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று எப்படியோ வென்றார்கள். ஆனால் சேர் அதைப் பார்த்திருந்தார்.

அரையிறுதி உச்சி தாண்டிய வெயிலில் நடந்தது. மைதானத்துப் புல் காய்ந்து, பந்து குதிக்கும் இடமெல்லாம் புழுதி எழுந்தது. துறைமுகப் பக்கமிருந்து காற்று ஒரு துளியும் வரவில்லை. பாதி நேரம்வரை யாரும் கோல் போடவில்லை. அர்ஷாக் உதடு வெளுத்து, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் முகத்தைக் கழுவினான். வாயைக் கொப்பளித்துக் கவனமாகத் துப்பினான். அப்போது தாங்கியின் மறுபக்கத்தில் சேரின் குரல் கேட்டது. அர்ஷாக் குழாயை மெல்லப் பூட்டினான்.

"பிரதீபன், உள்ளதைச் சொல்லு. நீ கிட்ட இருந்து பாக்கிறனி. அவன் தளர்ந்திட்டான் போல கிடக்கு. மாத்தட்டா?"

பந்தொன்றைக் காலால் உருட்டும் சத்தம் கேட்டது.

"நீ ஓம் எண்டு சொன்னாப் போதும். கிளவுஸைப் போடு."

தாங்கியின் இந்தப் பக்கம் அர்ஷாக் குழாயிலிருந்து கையை எடுக்காமல் நின்றான். பிரதீபன் பொய் சொல்லத் தேவையில்லை. 'ஓம்' என்ற ஒரு சொல் போதும், அது உண்மையும்கூட. மூன்று வருடமாக அவன் காத்திருந்த சொல் அது.

"அவனுக்கு வெயில்தான் சேர் பிரச்சினை," என்றான் பிரதீபன். "தலை குளிர்ந்தா ஏலும். நான் வலைக்குப் பின்னால வாளியோட நிக்கிறன். பந்து அங்கால போற நேரமெல்லாம் ஊத்துறன்."

"நிச்சயமா?"

"நிச்சயம் சேர். என்னை விட அவன் நல்ல கீப்பர்."

சேர், "சரி, வாளியை எடு," என்றார்.

இரண்டாவது பாதி முழுவதும் அந்த வேடிக்கையைத்தான் சனம் பார்த்தது. பந்து மறுபக்கம் போனவுடன் அர்ஷாக் வலையோடு முதுகை ஒட்டிக்கொள்வான். பிரதீபன் வலைக் கண்களின் ஊடாக ஒரு கோப்பை தண்ணீரை அவன் பிடரியில் ஊற்றுவான். மதிலில் இருந்தவர்களுக்குக் கொண்டாட்டம்.

"டேய், பூங்கண்டுக்குத் தண்ணி விடுறானா?"

"விடட்டும் விடட்டும், இன்னும் நாலு அங்குலம் வளரட்டும்!"

பிரதீபன் திரும்பிப் பார்க்கவில்லை. வாளி வெறுமையானதும் ஓடிப்போய் நிரப்பி வந்தான். தோளில் கிடந்த ஈரத் துவாயைத் தூக்கி அர்ஷாக்கின் தலையில் போட்டான். எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. அர்ஷாக் இடப்பக்கம் பாய்ந்து, விரல் நுனியால் பந்தைத் தட்டிவிட்டான். அதன் பிறகு பாஹிம் ஒரு கோல் போட்டான். அது போதுமாக இருந்தது.

எல்லோரும் அர்ஷாக்கைத் தூக்கினார்கள். பிரதீபன் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வலையை அவிழ்க்கத் தொடங்கினான்.

மறுநாள் பயிற்சியில் அர்ஷாக் அவனிடம் கேட்டான்.

"டேய், ஒனக்கு விளையாட ஆசையே இல்லியா?"

"ஏன் இல்ல? பெட்டிக்குள்ள கிடந்து கிடந்து கிளவுஸ் நாறுது."

"பொறகு?"

"பொறகென்ன பொறகு? பந்தைப் பார்." என்று சொல்லி, அவன் முகத்துக்கு நேரே ஒன்றை உதைத்தான் பிரதீபன்.

தாங்கிக்குப் பின்னால் தான் நின்றதை அர்ஷாக் சொல்ல நினைத்தான். சொல்லியிருந்தால் பிரதீபன் வெட்கப்பட்டு அதைப் பகிடியாக்கிச் சிரித்திருப்பான். நன்றி சொன்னால் முடிந்துவிடும் காரியமாகவும் அது அவனுக்குத் தோன்றவில்லை. தொழுகையில் கையேந்தும்போது அந்த ஈரத் துவாயின் குளிர்ச்சி அவனுக்கு நினைவில் வந்துகொண்டிருந்தது.

இறுதிப் போட்டி பங்குனியில், நகரத்து மைதானத்தில், நான்கு மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். எதிரணி அம்பாறை மாவட்டத்திலிருந்து வந்தது. அவர்களிலும் பாதிப்பேர் நோன்பாளிகள். நான்கு மணிக்குத் தொடங்கினால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னரே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் பிரதம அதிதி வரவில்லை. பாண்ட் வாத்தியப் பையன்கள் மேளத்தைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார்கள். மாலையோடு நின்ற சிறுமிகள் நிழல் தேடிப் போனார்கள். "இதோ வந்துகொண்டிருக்கிறார்" என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னது. அவர் வந்து, மாலை ஏற்று, விளக்கேற்றி, இரண்டு அணிகளுக்கும் கைகொடுத்து, ஒழுக்கத்தைப் பற்றியும் நேரத்தின் பெறுமதியைப் பற்றியும் பேசி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

"இனி ஆட்டத்துக்கு நடுவிலதான் பாங்கு சொல்லும்," என்றான் பாஹிம்.

"பேரீச்சம்பழம் என்ர பையில இருக்கு," என்றான் பிரதீபன். "தண்ணியும் இருக்கு. நீங்கள் விளையாடுங்கோ."

பிரதீபனின் அம்மா அரைநாள் லீவு போட்டுவிட்டு, நல்ல சாறியில் வந்திருந்தார். வேலிக் கம்பிக்கு மறுபுறம் நின்று கேட்டார்.

"நீ இண்டைக்கு விளையாடுறியா?"

"ஓம் அம்மா. தண்ணி விளையாட்டு."

"போடா," என்று அவர் சிரித்தார். கையில் செபமாலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதற்பாதியில் பாஹிம் ஓரமாக ஓடி அனுப்பிய பந்தை, நடுவில் வந்தவன் தலையால் முட்டிக் கோலாக்கினான். ஒன்றுக்குப் பூச்சியம். இரண்டாவது பாதி தொடங்கும்போது மைதானத்து விளக்குகளைப் போட்டார்கள். சற்று நேரத்தில் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. அதே கணத்தில் பெரிய பள்ளிவாசலிலிருந்து நோன்பு திறக்கும் பாங்கு எழுந்தது.

கந்தளாயிலிருந்து வந்திருந்த மத்தியஸ்தர் விசிலை ஊதினார். பிறகு குனிந்து, ஏற்கெனவே இறுகக் கட்டியிருந்த தன் சப்பாத்து நாடாவை அவிழ்த்து, ஆறுதலாகக் கட்டத் தொடங்கினார். ஒன்றைக் கட்டி முடித்துவிட்டு மற்றதையும் அவிழ்த்தார்.

பிரதீபன் பையோடு ஓடினான். முதலில் அர்ஷாக்குக்கு. அர்ஷாக் கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்து, பழத்தை வாயில் வைத்தான். பிறகு பாஹிமுக்கும் மற்றவர்களுக்கும். எதிரணியின் பையன்கள் சிலர் தங்கள் வாங்கிலிருந்து தூரத்தில் நின்றார்கள். பிரதீபன் அவர்களிடமும் போனான். அவர்களுடைய பத்தாம் இலக்கக்காரன், அன்றைக்கு இரண்டு முறை அர்ஷாக்கைத் திணறடித்தவன், பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கினான்.

"எதிரணி எண்டு யோசிக்காதேங்கோ, நஞ்சு போடேல்ல," என்றான் பிரதீபன்.

அவன் சிரித்துவிட்டு வாயில் போட்டான். போத்தல் கைமாறிக் கைமாறிப் போனது. மத்தியஸ்தர் எழுந்து நின்று சட்டையைத் தட்டினார். ஆட்டம் தொடர்ந்தது.

தண்ணீர் உள்ளே போனதும் அர்ஷாக்குக்குப் புதிதாக ஒரு உடம்பு கிடைத்தது போல இருந்தது. அடுத்தடுத்து மூன்று பந்துகளை இலகுவாக எடுத்தான். ஆட்டம் முடியச் சற்று முன்னர் பாஹிம் இரண்டாவது கோலைப் போட்டான். மதிலில் பட்டாசு வெடித்தது. இரண்டுக்குப் பூச்சியம்.

அப்போது அர்ஷாக் திரும்பி வலைக்குப் பின்னால் பார்த்தான். பிரதீபன் வாளியைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, கைகளைத் தூக்கித் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தான். இனி ஊற்றத் தேவையில்லாத தண்ணீரில் பாதி அவன் காற்சட்டையில்தான் கிடந்தது.

அர்ஷாக் ஒரு பந்தை நடுமைதானம் தாண்டி உதைத்தான். உதைத்த காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே கோலடியில் உட்கார்ந்தான்.

தர்மம் கொடுப்பதாக அவன் நினைக்கவில்லை. பிரதீபன் எப்படிப் பாய்வான், எந்தப் பந்தை எப்படி எடுப்பான் என்பது அவனுக்குத்தான் தெரியும். மூன்று வருடப் பயிற்சியில், தான் தவறவிட்ட மாதிரிப் பந்துகளில் பாதியைப் பிரதீபன் பிடித்ததை அவன் பார்த்திருந்தான்.

சேர் ஓடி வந்தார். "என்னடா? கால் பிடிச்சிட்டா?"

"பிரதீபனப் போடுங்க சேர்."

"நரம்பு பிடிச்சிட்டா எண்டு கேக்கிறன்."

"பிரதீபனப் போடுங்க சேர். அவன் பாத்துக்குவான்."

வாயால் அவன் பொய் சொல்லவில்லை. காலால் சொன்னதை அல்லாஹ் மன்னிப்பான் என்று நம்பினான். இரண்டு பேர் அவனைத் தோளில் தாங்கி வெளியே கொண்டுபோனபோது மதிலில் ஒருவன் கத்தினான்: "நோன்பு பிடிச்சான், பந்து பிடிச்சான், கடைசியில கால் பிடிச்சிட்டு!"

பிரதீபனுக்குக் கையுறையை மாட்டவே நேரம் எடுத்தது. விரல்கள் மாறி மாறிப் போயின. கோல் கம்பத்தை ஒரு தடவை தொட்டான். வேலிக்கு அப்பால் அவன் அம்மா எழுந்து நின்றார். செபமாலை கையிலிருந்து நழுவி விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

முதலில் வந்த பந்தே உள்ளே போனது.

அவன்மேல் குற்றமில்லை. பத்தாம் இலக்கக்காரன் தூரத்திலிருந்து உதைத்த பந்து ஒருவன் முழங்காலில் பட்டுத் திசைமாறி மூலைக்குள் புகுந்தது. இரண்டுக்கு ஒன்று. வாங்கில் காலை நீட்டியிருந்த அர்ஷாக்கின் வாயில் பேரீச்சம்பழத்தின் இனிப்பு கசந்தது. யாரோ ஒருவர் அவன் பின்தொடையில் தைலம் போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். நன்றாயிருந்த கால் இப்போது உண்மையிலேயே நோகத் தொடங்கியது. எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. முடியாது. ஒரு கடனுக்காக முழு அணியின் கிண்ணத்தையும் வைத்து விளையாடிவிட்டோமா என்று பயந்தான். பிறகு கையேந்தினான். இந்த முறை தனக்காகக் கேட்கவில்லை.

"பிரதீபன்!" என்று கத்தினான். "நீ பாத்துக்குவாய்டா!"

கடைசிக் கோர்னர். எதிரணியின் கோல் காப்பாளனும் முன்னால் வந்துவிட்டான். பந்து வளைந்து, விளக்கு வெளிச்சத்துக்குள் போய், எல்லோர் தலைக்கும் மேலாக இறங்கியது. பிரதீபன் கோட்டைவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தான். தயங்கவே இல்லை. அத்தனை தோள்களுக்கும் மேலே எழுந்து, பந்தை இரண்டு கையாலும் எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புழுதியில் விழுந்தான். அவன்மேல் நான்கு பேர் விழுந்தார்கள். எழுந்தபோதும் பந்து அவனிடமே இருந்தது.

நீண்ட விசில் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லா வெற்றியிலும் நடப்பதுதான். கிறிஸ்தோபர் சேர் அழுதார், அழவில்லை என்றும் சொன்னார். பிரதம அதிதி கிண்ணத்தைக் கொடுத்தார். இந்த முறை சுருக்கமாகவே பேசினார். பிரதீபனின் அம்மா மகனின் முகத்துப் புழுதியைத் தன் நல்ல சாறித் தலைப்பால் துடைத்தார். ஸல்ஹா வாப்பாவின் தோளில் ஏறியிருந்து, தொண்டை கட்டும்வரை கத்தினாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிரதீபன் அர்ஷாக்கிடம் வந்தான். பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கால் எப்படி மச்சான்?"

"சரியாகிடும்."

"பாவமடா நீ. முழு ஃபைனலும் நிண்டு முடிக்கக் கிடைக்கேல்லயே. உனக்குக் கால் பிடிச்சதாலதான் எனக்குக் கிடைச்சுது."

அர்ஷாக் அவனைப் பார்த்தான். பின்தொடையை மெல்லத் தேய்த்துக்கொண்டான்.

"உள்ளுக்க எப்படி இரிந்திச்சு?"

பிரதீபன் யோசித்தான். கையுறையை இன்னும் கழற்றாமல் இருந்தான்.

"பயமா இருந்துது," என்றான். "நல்லா இருந்துது."

கிண்ணியா பஸ்ஸில் எல்லோரும் எழுந்து அர்ஷாக்குக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார்கள். ஒரு கிழவர் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு, காலை நீட்டச் சொன்னார். தொழுகைக்கு நேரமானதால் வாப்பாவும் ஸல்ஹாவும் முந்திய பஸ்ஸில் போயிருந்தார்கள். இறங்கியதும் பாஹிம் அவன் பையையும் தூக்கிக்கொண்டு, தன் வீட்டுப் படலைவரை மெதுவாக நடந்து வந்தான்.

"வீடுவரைக்கும் கொண்டு விடட்டா?"

"வாணாம்டா. கிட்டத்தானே."

"காலப் பாத்து. நாளைக்கு எண்ணெய் தேச்சுக் குளி."

பாஹிமின் படலை சாத்தும்வரை அர்ஷாக் நொண்டினான். பிறகு ஒழுங்கைக்குள் திரும்பினான். ஆண்கள் எல்லோரும் நோன்பு இரவுகளின் தறாவீஹ் தொழுகைக்குப் போயிருந்தார்கள். வீடுகளில் கதவு சாத்தியிருந்தது. ஒரு குசினியில் மட்டும் யாரோ கோப்பை கழுவும் சத்தம் கேட்டது.

அவன் நின்றான். பையை மற்றத் தோளுக்கு மாற்றினான். இவ்வளவு நேரமும் தூக்கித் தூக்கி வைத்த காலை நிலத்தில் நன்றாக ஊன்றினான். பள்ளியிலிருந்து இமாமின் ஓதல் வந்துகொண்டிருந்தது. தொழுகையின் அடுத்த ரக்அத்துக்குள் போய்ச் சேரலாம். ஒழுங்கையின் இரண்டு முனையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, இரண்டு காலாலும் ஓடத் தொடங்கினான்.